பச்சோந்திக் கூண்டில் பருவகாலம்: சில திருத்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் செல்லப்பிராணிகள் பக்கத்தில் அண்மையில் வந்த பச்சோந்தி வளர்ப்புக் கட்டுரையைப் படித்தோம். நாளிதழில் பச்சோந்தி என்ற சொல் வந்தாலே அது கட்சி மாறுகிறவர்களைப் பற்றியதாகத்தான் இருக்கும். நிஜப் பச்சோந்திக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. கூண்டுக்குள் ஆண்டு முழுவதும் ஒரே வெளிச்சம், ஒரே சூடு என்று வைத்திருக்கக் கூடாது, பருவம் மாற வேண்டும் என்று கட்டுரை சொல்வது சரிதான். ஆனால் அதற்குக் காட்டியிருக்கும் வழி தவறு. இரண்டு மாதம் விளக்கை 8 மணி நேரமாகச் சுருக்கி, வெப்ப விளக்கை அணைத்துவிட்டு, பிராணியைக் 'குளிர்கால உறக்கத்தில்' விடச் சொல்கிறது கட்டுரை. அப்படியே செய்தால் பல கூண்டுகளில் நோய் வரும், சிலவற்றில் சாவும் வரும்.

இந்த யோசனை எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. குளிர்நாட்டு ஆமை, பாம்பு வளர்ப்பவர்கள் செய்வது இது. வீடுகளில் பெரும்பாலும் வளர்க்கப்படும் மூன்று வகைப் பச்சோந்திகளும் வெப்பமண்டலத்தைச் சேர்ந்தவை. ஏமன் பச்சோந்தி (வெய்ல்டு என்று விற்கப்படுவது) ஏமனிலும் சவுதி அரேபியாவின் தென்மேற்கு மலைப்பகுதியிலும் வாழ்கிறது. பேந்தர் பச்சோந்திக்கு மடகாஸ்கரின் வடக்குக் கரையும் கிழக்குக் கரையும் தாயகம். மூன்று கொம்பு ஜாக்சன் பச்சோந்தி கென்யா, டான்சானியா மலைகளுக்கு உரியது. ஏமன் இருக்கும் 15 டிகிரி வட அட்சரேகையில் ஆண்டின் மிக நீண்ட பகல் ஏறக்குறைய 13 மணி நேரம், மிகக் குறுகிய பகல் 11 மணி 15 நிமிடம். மடகாஸ்கரின் வடமுனைப் பக்கம் வேறுபாடு இன்னும் கொஞ்சம் குறைவு, ஒன்றரை மணி நேரம். நிலநடுக்கோட்டை ஒட்டிய கென்ய மலையில் பகல் ஆண்டு முழுவதும் 12 மணி நேரத்தைச் சுற்றியே நிற்கும். 8 மணி நேரப் பகலை இவற்றின் முன்னோர் எதுவும் கண்டதில்லை. உண்மையிலேயே குளிர்காலத்தில் ஒடுங்கிக் கிடக்கும் பச்சோந்தி உண்டு. மத்தியதரைக் கடல் ஓரத்துச் சாதாரணப் பச்சோந்தி அது. அதன் விதியை மற்றவற்றின் மேல் ஏற்றக் கூடாது.

தமிழில் பெரும்பொழுது, சிறுபொழுது என்று காலத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். பச்சோந்தி வளர்ப்புக்கு இதைவிடப் பொருத்தமான பிரிவு கிடையாது. பெரும்பொழுதை மாற்ற ஆசைப்படும் பலரின் கூண்டில் சிறுபொழுதே ஒழுங்காக இருப்பதில்லை. பகலில் 28 டிகிரி, இரவில் 26 டிகிரி என்று ஓடும் கூண்டில் பருவம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்தப் பிராணிகள் வாழும் இடங்களில் ஆண்டின் இரு முனைகளுக்கு இடையிலான வேறுபாட்டைவிட ஒரே நாளின் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு பெரியது. ஏமன் பச்சோந்திக்கு இரவு 20 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். பேந்தருக்கு 18 முதல் 22, ஜாக்சனுக்கு 10 முதல் 16 போதும். வெப்பமான இரவில் உடலின் எரிபொருள் செலவு குறைவதே இல்லை. பிராணி வேகமாக வளர்ந்து, வேகமாக முதிர்ந்து, வேகமாக முடிந்துவிடுகிறது. எனவே இரவில் வெப்பத் தகடு, சிவப்பு விளக்கு, நீல விளக்கு எதுவும் வேண்டாம். 'நிலவொளி' என்று விற்கப்படும் வண்ண பல்புகள் பச்சோந்தியின் கண்ணுக்கு நன்றாகவே தெரியும், தூக்கத்தைக் கெடுக்கும். அறை உண்மையிலேயே மிகக் குளிர்ந்தால் வெளிச்சம் தராத பீங்கான் வெப்பியைத் தெர்மோஸ்டாட்டுடன் (வெப்பக் கட்டுப்படுத்தியுடன்) வைக்கலாம்.

ஒரு நாளின் ஒழுங்கு இப்படி இருக்கட்டும். வைகறையில், விளக்கு எரிவதற்குச் சற்று முன், 2 நிமிடம் நீர்த்தூவல். பிறகு எல்.இ.டி. வெளிச்சம், 6500 கெல்வின் என்ற பகல்வெள்ளை நிறத்தில். அரை மணி கழித்து வெயில்காயும் விளக்கும் (வெயிலுக்குப் பதிலாகக் கிளையைச் சூடாக்கும் வெப்ப விளக்கு), வெயிலில் உள்ள புற ஊதா-பி கதிரைத் தரும் குழல்விளக்கும். வெயில்காயும் விளக்கு நண்பகலுக்குள் அணைந்துவிடலாம், மூன்று நான்கு மணி நேரம் தாராளம். காட்டிலும் பச்சோந்தி காலை வெயிலில் உடலைச் சூடாக்கிக்கொண்டு நண்பகலில் இலைக்குள் ஒதுங்கும். மாலையில் எல்.இ.டி. அணைவதற்கு அரை மணி முன் மற்ற எல்லா விளக்கும் அணைந்திருக்க வேண்டும். இலைகள் நண்பகலுக்குள் காய்ந்துவிட வேண்டும் என்பதும் இந்த ஒழுங்கில் சேர்த்தி.

இது ஒரு மாதம் தடையின்றி ஓடிய பிறகு பெரும்பொழுதுக்குப் போகலாம். அதற்கு முன் ஒரு கேள்வி. கூண்டு எந்த அறையில் இருக்கிறது? குடும்பம் இரவு 11 மணி வரை தொலைக்காட்சி பார்க்கும் கூடத்தில் என்றால் டைமரில் எத்தனை மணி வைத்தாலும் பயன் கிடையாது. பச்சோந்தியைப் பொறுத்தவரை அறைவிளக்கும் பகல்தான். வேறு அறைக்கு மாற்றுங்கள், அல்லது விளக்கு அணைந்ததும் கூண்டின் மூன்று பக்கமும் கனத்த திரை போடுங்கள். காற்று போக நான்காவது பக்கம் திறந்திருக்கட்டும், அது அறைவிளக்கைப் பார்க்காத பக்கமாக இருக்கட்டும்.

வெளிச்சத்தைக் குறைப்பதில் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். கணக்கு எளிது. ஏமன் பச்சோந்திக்கு 13 மணியிலிருந்து 11 மணி 15 நிமிடத்துக்கு இறங்க வேண்டியது 105 நிமிடம். இயற்கை இதை 26 வாரத்தில் செய்கிறது, அதாவது வாரத்துக்கு 4 நிமிடம். சாதாரணச் சுழல் டைமரின் வட்டைச் சுற்றியுள்ள ஊசிகளில் ஒவ்வொன்றும் 15 நிமிடம். ஆக 7 ஊசிகள், ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஓர் ஊசி. ஒரு மாதம் காலைப் பக்கம் நகர்த்தினால் அடுத்த மாதம் மாலைப் பக்கம். ஏறும்போதும் இதே வேகம். இதைவிட நுணுக்கம் தேவையில்லை. சூரிய உதயத்தைத் தானே கணக்கிடும் டைமர்கள் கிடைக்கின்றன. அவை நீங்கள் இருக்கும் ஊரின் அட்சரேகையை எடுத்துக்கொள்ளும். குளிர்நாட்டில் இருப்பவர் அதை அப்படியே விட்டால் கூண்டுக்கு 8 மணி நேரப் பகலும் 16 மணி நேரப் பகலும் மாறி மாறி வரும். இடத்தை மாற்றி அமைக்க முடிந்தால் பிராணியின் தாயகத்தின் அட்சரேகையைக் கொடுங்கள், முடியாவிட்டால் ஊசி டைமரே மேல். ஊசி டைமருக்கும் ஒரு குறை உண்டு. மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும், திரும்ப ஓடும்போது அத்தனை நேரம் பின்தங்கியிருக்கும். வாரம் ஒருமுறை கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பேந்தர் வளர்ப்போருக்கு இன்னொரு குழப்பம். மடகாஸ்கர் தென்கோளத்தில் இருப்பதால் அங்கே குளிர்ந்த, மழை குறைந்த காலம் மே முதல் அக்டோபர் வரை. வெப்பமான மழைக்காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. வடகோளத்தில் இருப்பவர் எதைப் பின்பற்றுவது? கூண்டில் பிறந்த பிராணி என்றால் அறையின் காலத்தோடு ஒத்துப் போங்கள். அறை கொதிக்கும் மாதத்தில் கூண்டைக் குளிர்விக்கப் போராடுவது வீண் வேலை. காட்டில் பிடித்துக் கொண்டுவரப்பட்டதற்கு முதல் ஆண்டு பருவமே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அதற்கு ஏற்கனவே இருக்கும் நெருக்கடி போதும்.

அடுத்து வெப்பம். ஆண் ஏமன் பச்சோந்திக்கு வெப்பப் பருவத்தில் வெயில்காயும் கிளையில் 31 அல்லது 32 டிகிரி, குளிர்ப் பருவத்தில் 27 அல்லது 28. இரவு முன்னதில் 18 முதல் 20, பின்னதில் 14 முதல் 16. பேந்தருக்குப் பகல் உச்சம் 30-லிருந்து 28-க்கு இறங்கினால் போதும், இரவு 21-லிருந்து 18. ஜாக்சனுக்கு 27-லிருந்து 25. கவனியுங்கள், உச்சம் இறங்குகிறதே தவிர, குளிர்ப் பருவத்திலும் வெயில்காயும் விளக்கு முழுதாக அணைவதில்லை. குளிர்ந்த இரவைத் தாங்கும் பிராணிக்கு மறுநாள் காலை உடலைச் சூடாக்கிக்கொள்ள ஓர் இடம் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றில் கிடக்கும் பூச்சி செரிக்காமல் அழுகும், நோய் எதிர்ப்பு சரியும், சளி நுரையீரலுக்குப் போகும். கட்டுரையின் யோசனையில் உயிரைப் பறிக்கக்கூடிய பகுதி இதுதான்.

அனுபவமுள்ளவர்களும் தடுக்கி விழும் ஒரு கணக்கு இங்கே இருக்கிறது. விளக்கு தருவது ஒரு வெப்பநிலை அல்ல, அறையின் வெப்பத்துக்கு மேல் ஒரு கூட்டல். ஒரு விளக்கு கிளையில் அறையைவிட 8 டிகிரி கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அறை 24 என்றால் கிளை 32. அறை 19-க்கு இறங்கினால் கிளை தானாகவே 27, குளிர்ப் பருவம் வந்துவிட்டது. நீங்கள் எதையும் தொட வேண்டியதில்லை. இது தெரியாமல் 'பருவம்' என்று வாட்டைக் குறைத்தால் கிளை 23-இல் நின்றுவிடும். எதிர்ப்பக்கம் இன்னும் மோசம். அறை 30-க்கு ஏறும் நாளில் அதே விளக்கு கிளையை 38-க்குக் கொண்டுபோகும். அந்த மாதங்களில் விளக்கு அணைந்திருப்பதே நல்லது. எனவே முதலில் ஒரு வாரம் அறையின் உச்சத்தையும் தாழ்வையும் குறித்து வையுங்கள், பிறகு விளக்கைப் பற்றி யோசியுங்கள். விளக்கைக் கட்டுப்படுத்த டிம்மர் நல்லது. அணைத்து எரியும் வகைத் தெர்மோஸ்டாட்டை வெளிச்சம் தரும் பல்புக்குப் போட்டால் சில நிமிடத்துக்கு ஒருமுறை மேகம் வந்து போவது போல இருக்கும்.

அளவு எடுக்கும் இடமும் முக்கியம். உணரியைக் கிளையில் கட்டினால் போதாது. பச்சோந்தியின் முதுகும் தலைக் கொண்டையும் கிளையைவிட விளக்குக்கு அருகில் இருக்கின்றன, எனவே கிளைக்கு மேல் 5 செ.மீ. உயரத்தில் அளக்க வேண்டும். குளிர்ந்த காலையில் பச்சோந்தி உடலைக் கருமையாக்கி, பக்கவாட்டில் தட்டையாக்கி நிற்கும். அந்தக் கருமை கிளையைவிட அதிக வெப்பத்தை வாங்கும். கொண்டையில் வெளிறிய அல்லது கருகிய புள்ளி தெரிந்தால் அது தீக்காயம்தான். குளிர்ப் பருவத்தில் பிராணி விளக்கடியில் நெடுநேரம் நிற்பதால் தீக்காயம் அப்போதே அதிகம் வரும், வெப்பப் பருவத்தில் அல்ல. விளக்குக்கும் முதுகுக்கும் இடைவெளி 20 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும்.

புற ஊதா-பி பற்றிக் கட்டுரை ஒரே வரியில் 'குளிர்காலத்தில் தேவையில்லை' என்று முடித்துவிட்டது. வெப்பமண்டலத்தில் எந்த மாதமும் வெயிலில் புற ஊதா அற்றுப்போவதில்லை. முதுகின் உயரத்தில் புற ஊதாக் குறியீடு 3 என்ற அளவு ஏமன், பேந்தர் இரண்டுக்கும் ஆண்டு முழுவதும் பொருந்தும். மாறலாம் என்றால் நேரம் மாறலாம், வெப்பப் பருவத்தில் 6 மணி நேரம், குளிர்ப் பருவத்தில் 4. கண்ணாடியும் தெளிவான பிளாஸ்டிக்கும் இந்தக் கதிரைத் தடுத்துவிடும். கூண்டின் மேல் கம்பிவலையே மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ விழுங்கும். அதனால் அட்டையில் அச்சிட்ட தூரத்தை நம்பாமல் மீட்டரால் அளப்பதே சரி. டி5 எச்.ஓ. என்ற மெல்லிய, உயர்திறன் குழல் ஓராண்டில் வெளிச்சம் குன்றாமலே புற ஊதாவில் மங்கிவிடும். மாற்றும் நாளை யோசித்து வையுங்கள். புதுக்குழல் முதல் 100 மணி நேரம் சற்று அதிகமாகவே உமிழும். மங்கிய குழலின் கீழ் இருந்த பிராணிக்கு அது ஒரே நாளில் கோடை வந்தது போல. குழலை முதல் இரண்டு வாரம் சில செ.மீ. உயர்த்திக் கட்டுங்கள்.

வெப்பத்தைவிட மழைதான் இவற்றின் ஆண்டைப் பிரிக்கிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. ஏமன் மேட்டுநிலத்தில் இரண்டு மழைப் பருவம், கென்ய மலையிலும் இரண்டு. மழைப் பருவத்தைக் கூண்டில் கொண்டுவர, வழக்கமான வைகறை, மாலை நீர்த்தூவலோடு வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிற்பகலில் 10 முதல் 15 நிமிடம் நீடித்த தூறல் கொடுங்கள். வடிகால் தட்டு இல்லாத கூண்டில் இதைத் தொடங்காதீர்கள். அதோடு பத்து நாளுக்கு ஒரு 'மேகமூட்ட நாள்' வைக்கலாம், வெயில்காயும் விளக்கு எரியாது, அன்று தீனியும் இல்லை. வறண்ட பருவத்தில் பிற்பகல் தூறலை நிறுத்துங்கள், ஆனால் இரவு ஈரத்தை நிறுத்தாதீர்கள். மழையில்லாத மாதங்களிலும் இரவுப் பனி இறங்கும். மூடுபனிக் கருவியை நள்ளிரவுக்குப் பின் விட்டு விட்டு ஓட்டி ஈரப்பதத்தை 80 விழுக்காட்டுக்கு மேல் கொண்டுபோகலாம், பகலில் 40 முதல் 60 வரை. நிபந்தனை ஒன்றுதான், இரவு குளிர்ந்திருக்க வேண்டும், காற்று ஓட வேண்டும். 24 டிகிரி இரவில் மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் மூடுபனி விட்டால் நுரையீரல் தொற்றுக்கு அழைப்பு வைத்தது போலத்தான். கருவியின் தொட்டியில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, வாரத்தில் இரண்டு முறை கழுவிக் காயவைக்க வேண்டும்.

தீனி வெப்பத்தைத் தொடர வேண்டும். வளர்ந்த ஆணுக்கு வெப்பப் பருவத்தில் ஒன்றுவிட்டு ஒருநாள் ஐந்து ஆறு பூச்சிகள், குளிர்ப் பருவத்தில் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மூன்று. எப்போதும் காலையில் மட்டும், விளக்கு எரியும்போதே செரிக்கத் தொடங்க வேண்டும் என்பதற்காக. வரிசை மாறக் கூடாது. முதலில் வெளிச்சம் குறையத் தொடங்கும், இரண்டு வாரம் கழித்துத் தீனி, அதன் பின் வெப்பம், அதுவும் வாரத்துக்கு 1 டிகிரிக்கு மேல் இல்லை. தீனியைக் குறைக்காமல் வெப்பத்தை இறக்குவது மிகப் பரவலான தவறு.

பெண் பச்சோந்திக்குத்தான் இவை அனைத்தும் உயிர்ப் பிரச்சினை. ஆண் துணை இல்லாமலே ஏமன் பெண் முட்டையிடும். சூடும் தீனியும் மிகுந்த கூண்டில் அதன் உடலுக்கு எப்போதும் மழைக்காலம் என்றே தோன்றும். ஒரே ஈட்டில் 50, 60, சில நேரம் 80 முட்டைகூட வைக்கும், ஆண்டில் இரண்டு மூன்று ஈடு. எலும்பின் சுண்ணாம்பு முட்டையோட்டுக்குப் போய்விடும், முட்டை அடைத்துக்கொண்டு இறப்பதும் நடக்கும். வளர்ச்சி முடியும் தறுவாயில் வெயில்காயும் கிளையை 27 டிகிரியில் நிறுத்தி, ஒன்றுவிட்டு ஒருநாள் மூன்று பூச்சிகள் என்று கட்டுப்படுத்தினால் ஈடு 20, 30 முட்டைக்குச் சுருங்கும். சில பெண்கள் முட்டையிடாமலேயே இருந்துவிடும். அதாவது பெண்ணுக்கு ஆண்டின் பெரும்பகுதி மிதமான வறண்ட பருவமாகவே ஓடலாம். இருந்தாலும் 20 முதல் 30 செ.மீ. ஆழத்துக்கு ஈரமணல் நிரப்பிய தொட்டி கூண்டில் எப்போதும் இருக்க வேண்டும். தோண்டிய சுரங்கம் இடியாமல் நிற்கும் அளவு ஈரம் போதும். ஏற்கனவே முட்டை சுமக்கும் பெண்ணின் வெப்பத்தைக் குறைக்காதீர்கள். 6 மாதம் ஆகாத குஞ்சு, நோயுற்றது, புதிதாக வந்தது இவற்றுக்கும் பருவமாற்றம் ஆகாது.

முட்டைக்கும் பருவம் உண்டு என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். பேந்தர் முட்டைகள் மண்ணுக்குள் குளிர்ந்த மாதங்களைக் கடந்தே பொரிகின்றன. அடைகாப்பில் தொடக்கத்தில் 24 டிகிரியும், இடையே ஆறு வாரம் போல 18 முதல் 20 டிகிரியும், பின் மீண்டும் 24, 25-ம் கொடுப்பவர்களிடம் கரு ஒரே சீராக விழித்துக்கொள்கிறது. மடகாஸ்கரின் தென்மேற்கில் வாழும் லபோர்டு பச்சோந்தி இன்னும் ஒரு படி மேல். ஆண்டில் எட்டு ஒன்பது மாதம் முட்டைக்குள்ளேயே கழித்துவிட்டு, வெளியே வந்து நான்கு ஐந்து மாதத்தில் வாழ்ந்து முடித்துவிடுகிறது.

பருவமாற்றம் நடக்கும்போது வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் எடை பாருங்கள், 1 கிராம் துல்லியத் தராசு போதும். தொடங்கிய எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் நிறுத்துங்கள். பகலில் கண் மூடிக் கிடப்பது, விளக்கு எரிந்து ஒரு மணி நேரம் ஆகியும் கருமை தெளியாதது, வாயைத் திறந்து தலையை உயர்த்தி மூச்சு விடுவது, வாயோரம் நுரை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் ஊர்வன மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அன்றே போக வேண்டும்.

கட்டுரையைப் படித்து ஏற்கனவே விளக்கை அணைத்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டாம். முதல் நாளே வெயில்காயும் விளக்கை 26 டிகிரிக்கு எரியவிட்டு, காலையிலும் மாலையிலும் 3 நிமிடம் நீர் தூவுங்கள். பிராணி முதலில் குடிக்கட்டும். மூன்றாம் நாள் எச்சம் போட்டிருக்கிறதா, எச்சத்தோடு வரும் வெள்ளைப் பகுதி மஞ்சளாக இல்லாமல் வெண்மையாக இருக்கிறதா என்று பார்த்த பின் ஒரே ஒரு சிறு பூச்சி கொடுங்கள். பகல் நேரத்தை வாரத்துக்கு அரை மணி வீதம் 11 மணி 15 நிமிடத்துக்கு ஏற்றுங்கள், வெப்பத்தை வாரத்துக்கு 1 அல்லது 2 டிகிரி. தீனி பழைய அளவுக்கு வர மூன்று வாரம் ஆகலாம். '8 மணி நேரம்' என்ற எண்ணுக்கும், 'குளிர்காலத்தில் புற ஊதா தேவையில்லை' என்ற வரிக்கும் தாங்கள் அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பச்சோந்தி வளர்ப்போர் சிலர்